மீட்டருக்குப் பக்கத்தில் மாதா

ராஜமேரி முதலில் ஓட்டியது டிராக்டர். பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போக வேண்டிய அண்ணன், களத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை போய்விடும். அப்பா வேறு ஆள் தேடிப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் ராஜமேரி டிரெய்லரை மாட்டி, பாரத்தோடு ஆலை வாசலில் போய் வரிசையில் நின்றுவிட்டாள்.

எடைமேடைக்காரர் எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்றார்.

"மேல உட்காந்திருக்குது. கண்ணு தெரியலீங்களா?"

அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் வந்துவிட்டிருந்தது.

பிறகு மரியசூசைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அரூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் சூசைபாளையம் மிஷன் மருந்தகத்தில் அவன் டிரைவர். பழைய வேன் ஒன்று இருந்தது. பாதி நாள் தள்ளுவார்கள், பாதி நாள் ஓடும். மஞ்சள் காமாலையில் மரியசூசை போன பிறகு, கைக்குழந்தையோடு நின்றவளுக்கு மருந்தகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். அவனுக்குப் பின் வந்த டிரைவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கு ஓடிவிட்டான். பாம்பு கடித்த ஒரு ஆளை வாசலில் போட்டுக்கொண்டு எல்லோரும் முழித்தபோது, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வேனில் ஏறியவள் ராஜமேரிதான். ஆள் பிழைத்தான். லைசென்ஸ் அப்புறம் எடுத்தாள். தருமபுரியில் அவளுக்கு எட்டு போடச் சொன்ன அதிகாரி, முடித்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டாள். மூன்றாம் தரம் சொன்னபோது, "கோலமாவு குடுங்க சார், அழிக்காமப் போட்டு வெச்சுட்டுப் போறேன்" என்றாள்.

எண்பத்தேழில் ஆஸ்திரேலியாவிலிருந்து கார் வந்தது. அங்கே ஏதோ ஒரு கோயிலின் பங்கு மக்கள் மருந்தகத்துக்கு அனுப்பிய அன்பளிப்பு. ஜப்பான் கம்பெனி வண்டி, நீளமான பின்பக்கம், ஸ்ட்ரெச்சர் நேராக உள்ளே போகும். பங்குச் சாமியார் ஃபாதர் சின்னப்பராஜ் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் மதலைமுத்து வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்த மாதா ஸ்டிக்கரைத் தானே ஒட்டினார். எங்கே ஒட்டுவது என்று பார்த்தபோது, மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் காலியாக இருந்தது. அளந்து செய்தது போல மாதா அதில் உட்கார்ந்துகொண்டாள்.

பெட்ரோல் போடும் வாய்தான் சிறியது. பங்க்கின் குழாய் நுழையவில்லை. புனல் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். மூடிக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டுமே என்று ஃபாதர் படித்துச் சொன்னார். அரூர் பங்க் பச்சியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சாமி, என்னைப் பார்த்தா கலப்படம் பண்ற ஆளு மாதிரியா இருக்குது? ஈயமும் இல்ல, பித்தளையும் இல்ல. வேணும்னா நீங்களே மோந்து பாருங்க."

ஃபாதரும் மோந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

முதல் மழைக்காலத்திலேயே பேச்சு கிளம்பிவிட்டது. மலை மேலே மேல்பாறைக்குப் போகும்போது, கடைசி ஏற்றத்தில் மாதா ஒளி வீசுகிறாள். ராஜமேரியும் பார்த்தாள். மேகம் மூடிய ஒரு மத்தியானம், நோயாளியை ஏற்றிவர முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது, மாதாவின் நீலச் சேலைக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் வந்தது. இறக்கத்தில் அணைந்துபோனது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மருந்தகத்துக்கு வரும் பெண்கள் வண்டியில் ஏறினால் முதலில் மாதாவைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மதலைமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்று, தான் ஒட்டிய நேரம் எப்படிப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மாதா ஒளி வீசுவது நின்றது. வண்டி இளைக்க ஆரம்பித்தது.

சமவெளியில் ஓடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல நிற்கும். ஒரு நாள் மேல்பாறைக்குப் பாதி வழியில் அடியோடு நின்றுவிட்டது. மேலே மாதம்மாள் பிரசவ வலியில் கிடந்தாள். மலைக்காரர்கள் அவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழியில் ஒரு பாறை மறைவில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் புண்ணியமோ. ராஜமேரி இறக்கத்தில் மட்டும் ஓடிய வண்டியில் அந்த இருவரையும் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள்.

வண்டியைச் சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். ஃபாதரும் மதலைமுத்துவும் போயிருந்தார்கள். மேஸ்திரி இன்ஜினைத் திறக்கவில்லை. சத்தம் கேட்டுவிட்டு, "கம்ப்ரஷன் போச்சு. கிளட்ச்சும் காலி. யாருங்க ஓட்டறது?" என்றாராம். சொன்னதும் சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பை மதலைமுத்து பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் சாமி. டிராக்டர் ஓட்டின காலு. ஃபாரின் வண்டி தாங்குமா? மாதாவே ஒளியை நிறுத்திட்டா. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவருடைய அக்கா மகன் சவுரியப்பன் சேலத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர்ப்பக்கம் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வண்டியைச் சேலத்து மேஸ்திரிக்கே தள்ளிவிட்டு ஒரு பழைய ஜீப் வாங்குவது, அதைச் சவுரியப்பன் ஓட்டுவது என்று பேச்சு முடிந்தது.

ஃபாதர் ராஜமேரியைக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனுஷர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது தரையைப் பார்ப்பார்.

"உனக்கு வேலை இருக்கும் மேரி. பழையபடி உள் வேலை பாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சாவியை உபதேசியார்கிட்ட குடுத்துடு."

"சாவியைக் குடுக்கச் சொன்னா குடுக்கறேனுங்க சாமி. வண்டியை நான் கெடுத்தேன்னு சொல்லிக் குடுக்கச் சொன்னா, குடுக்க மாட்டேன்."

"யாரும் அப்படிச் சொல்லல."

"கோயில் வாசல்ல தினமும் சொல்றாங்க. நீங்க கேட்டுக்கிட்டுத்தான் போறீங்க."

ஃபாதர் தரையைப் பார்த்தார்.

ராஜமேரிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அப்பாவின் டிராக்டரில் சைலன்சர் மேல் நோக்கி நிற்கும். ஒரு தரம் மழை ஓய்ந்து வண்டியை எடுத்தபோது இதே மாதிரிதான் இளைத்தது. இன்ஜினைப் பிரிக்கப் போனார்கள். கடைசியில் பார்த்தால் குழாய்க்குள் மைனா கூடு கட்டியிருந்தது. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, விட்ட மூச்சு வெளியே போக வழியில்லை. இந்தக் காரின் பின்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஓர் ஆளை உட்காரவைத்து ரேஸ் கொடுக்கச் சொல்லிப் பார்த்தாள். காற்று வந்தது, ஆனால் ஊதுகிற காற்றில்லை. கிழவி கொட்டாவி விடுகிற காற்று.

சனிக்கிழமை காலையில் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனாள். வழியிலிருந்த மேடுகளில் லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. தாண்டியவர்கள் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்கள். இவளும் சொன்னாள்.

தருமபுரியில் சைலன்சர் வேலைக்கு ஹயாத் பாஷாதான். சேலம் ரோட்டில் தகரக் கொட்டகை, நடுவில் ஒரு குழி, கேஸ் வெல்டிங். பஸ், லாரி எல்லாம் அவரிடம்தான் குழாய் மாற்றும். கொட்டகை முழுக்கத் துருப்பிடித்த குழாய்கள் தொங்கும். பாஷா வண்டியைக் குழிமேல் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, இதுல ரெண்டு சைலன்சர் இருக்குது."

"எதுக்கு ரெண்டு, பாய்?"

"வெளிநாட்டுக்காரன் சத்தத்துக்குப் பயந்தவன்."

பின்னால் இருந்ததைக் கழற்றினார்கள். அடைப்பு அதில்தான் என்று ராஜமேரி நினைத்திருந்தாள். ஒரு முனையில் பாஷா வாயை வைத்து ஊதினார். மறுமுனையில் அவள் முகத்தில் புகைக்கரி அடித்தது. அடைப்பே இல்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ முன்னாடி இருக்கறதை வெட்டிப் பாத்துடுங்க."

பாஷா மறுபடி கீழே போனார்.

"வெட்ட மாட்டேன்."

"ஏன் பாய்?"

"இறங்கி வந்து பாரு. இது சைலன்சர் இல்ல. சைலன்சருக்கு எவனாவது ஒயர் குடுப்பானா? பேரு தெரியாத பொருளை நான் வெட்டுனதில்ல. வெட்டினப்புறம் வண்டி நின்னுச்சுன்னா உங்க சாமியாருக்கு யாரு பதில் சொல்றது?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் குழிக்குள் இறங்கினாள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். இன்ஜினிலிருந்து குழாய் இறங்கும் இடத்தில் ஸ்பார்க் பிளக் போல ஒன்று திருகியிருந்தது. அதிலிருந்து ஒற்றை ஒயர். அதைத் தாண்டி அந்த முன்பெட்டி, தகரக் கவசம் போட்டு மூடியது. கவசம் நீலம் பாரித்திருந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் விரல் அளவு குச்சி ஒன்று செருகி, அதிலிருந்து இன்னொரு ஒயர். குழாயின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று வளைந்து இன்ஜினுக்கே திரும்பிப் போனது.

"நாலு சிலிண்டருக்கு அஞ்சு பிளக்கா?" என்றார் பாஷா. "தர்மத்துக்கு ஒண்ணு போட்டிருக்கான்."

"ஒவ்வொண்ணா புடிச்சுக்கிட்டே போவோம் பாய். எங்க போய் முடியுதுன்னு பாத்தா என்னன்னு தெரிஞ்சுடும்."

அப்படித்தான் செய்தார்கள். மெல்லிய குழாய் இன்ஜின் மேலே தாமரைக்காய் போன்ற ஒரு உருண்டையில் முடிந்தது, அதிலிருந்து ரப்பர் குழாய். பிடுங்கி விரலை வைத்தால் விரலை உறிஞ்சியது. புகையில் கொஞ்சத்தை இன்ஜினே திரும்பக் குடிக்கிறது என்று புரிந்தது, ஏன் குடிக்கிறது என்று புரியவில்லை. திரும்ப மாட்டினார்கள். ஐந்தாவது பிளக்கின் ஒயர் மிதியடிக்குக் கீழே புகுந்து, சீட்டுக்கடியில் ஒரு அலுமினியப் பெட்டிக்குப் போனது. அதைக் கழற்றி ஓட்டினாலும் மாட்டி ஓட்டினாலும் ஒரே இளைப்பு. அதையும் விட்டார்கள். மிச்சம் அந்தக் குச்சியின் ஒயர். அதுவும் தரையைத் துளைத்து உள்ளே வந்து, மிதியடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மூட்டில் சேர்ந்து, அங்கிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்துபோனது.

"இந்த ஒயர் மூட்டைக் கழட்டி வண்டி பாடியில வெச்சுப் பாக்கறேன். சாவியைப் போட்டுட்டு மேல உட்காந்து பாரு. எங்கயாவது சத்தமோ புகையோ வந்தா சொல்லு."

பாஷா கதவோரம் குந்தி, ஒயரின் முனையைச் சீட்டு போல்ட்டில் தொட்டார்.

மாதா எரிந்தாள்.

ராஜமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஷா கையை எடுத்தார். மாதா அணைந்தாள். தொட்டார். எரிந்தாள்.

"என்ன தங்கச்சி? ஷாக்கா?"

"இன்னொரு தரம் தொடுங்க பாய்."

தொட்டார். எட்டிப் பார்த்தார். அவருக்கு மாதா கதை தெரியாது. அவள் சொன்னாள். பாஷா சிரிக்கவில்லை. ஒயரைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார். "உங்க ஆளுங்க யாருக்கும் நான்தான் தொட்டேன்னு சொல்லிடாதே தாயி" என்றார்.

அவள் உட்கார்ந்தபடியே யோசித்தாள். ஏற்றத்தில் மட்டும் எரிந்தது. இறக்கத்தில் அணைந்தது. ஏற்றத்தில் எது கூடும்? சூடு. கவசம் ஏன் நீலம் பாரித்தது? சூட்டில். அந்தப் பெட்டிக்குள் ஏதோ எரிகிறது, அளவுக்கு மேல் எரிந்தால் டிரைவருக்குச் சொல்லத்தான் அந்தக் குச்சி, அந்த ஒயர், இந்த விளக்கு. விளக்கு மாதக்கணக்காகச் சொல்லியிருக்கிறது. அவள் கும்பிட்டுக்கொண்டு ஏறியிருக்கிறாள்.

"பாய், வெட்ட வேண்டாம். போல்ட்டைக் கழட்டுங்க."

பெட்டி இறங்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கண்கள். வாய்ப்பக்கம் எல்லாம் உருகி, கண்ணாடி போல வழிந்து, சாம்பல் நிறத்தில் அடைத்துக் கிடந்தது. வெளிச்சம் நுழையவில்லை. பாஷா ஊதிப் பார்த்தார். கன்னம்தான் உப்பியது.

அவள் மகள் பின்னாளில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு வந்து எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள். அந்தத் தேன்கூட்டின் மேல் பூச்சு புகையின் விஷத்தை முறிக்கும். பெட்ரோலில் ஈயம் இருந்தால் அது படிந்து பூச்சு செத்துவிடும். பிளக்கிலும் ஈயம் படிந்து, எரியாத பெட்ரோல் கூட்டுக்குள் போய் எரிந்தால், கூடே உருகிவிடும். உருகி அடைத்த பிறகு உள்ளே எரிவது நின்றுபோகும், விளக்கும் நின்றுபோகும். அன்றைக்கு இந்தியாவில் எந்த பங்க்கிலும் ஈயமில்லாத பெட்ரோல் கிடையாது, கம்பெனியே கலந்துதான் அனுப்பியது, பச்சியப்பன் மேல் தப்பில்லை. ஐந்தாவது பிளக் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கிற சென்சார். ராஜமேரி கேட்டுவிட்டு, "இதையெல்லாம் அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா மட்டும் உபதேசியார் விட்டிருப்பாராக்கும்" என்றாள்.

பாஷா பெட்டி இருந்த இடத்தில் நேர்குழாய் ஒன்றைப் பற்றவைத்தார். பின் சைலன்சரைத் திரும்ப மாட்டினார். சத்தம் பஸ் மாதிரி வந்தது. ராஜமேரி பின்குழாயில் கையை வைத்தாள். கையைத் தள்ளிவிட்டது. ஸ்டிக்கரை அவள் உரிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரத்தில், அந்தச் சத்தத்தோடு கோயில் வாசலுக்கு வந்து நின்றாள். மதலைமுத்து கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

"சாவி."

"இருங்க உபதேசியாரே. முதல்ல மாதாவைக் கும்பிட்டுக்குங்க."

குனிந்து, மிதியடிக்கடியில் தொங்கிய ஒயரின் முனையைச் சீட்டு போல்ட்டில் செருகினாள். அவள் முந்தானை நிழலில் மாதா மஞ்சளாக ஒளிவிட்டாள். கூட்டத்தில் ஒரு பெண் "ஆண்டவரே" என்று முழங்காலில் போய்விட்டாள். மதலைமுத்துவின் கை தானாகச் சிலுவை போட்டது.

"அற்புதம் இல்லீங்க. பல்பு." ராஜமேரி நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினாள்.

"மாதாவைக் கிழிக்கிறா சாமி! கண்ணால பாருங்க!"

"கிழிக்கல. இடம் மாத்தறேன். டிரைவருக்குச் சொல்ற விளக்கை மறைச்சு ஒட்டினது யாரு? வண்டி எரியுது எரியுதுன்னு இது கத்திக்கிட்டு இருந்திருக்குது. நீங்க அதைக் காட்டி எல்லாரையும் கும்பிட வெச்சீங்க. நானும்தான் கும்பிட்டேன்."

ஸ்டிக்கர் கிழியாமல் வந்தது. அடியில் கறுப்புக் கட்டத்தில் விளக்கு எரிந்தது, புகைக்குழாய்ச் சூடு என்று இங்கிலீஷில் பொடி எழுத்தோடு. ஃபாதர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, குனிந்து படித்தார். உருகிய பெட்டியைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"அதெல்லாம் சரி. ஏறுமா?" என்றார் மதலைமுத்து. "சத்தம் போட்டா ஆச்சா?"

"ஏறுங்க. பாத்துடலாம். சாமி, நீங்களும்."

ஃபாதர் முன்னால் ஏறினார். மதலைமுத்துவைப் பின்னால் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் உட்காரவைத்தாள். மேல்பாறைக்குப் போகும் வழியில் அவர் எல்லா வளைவிலும், "இப்ப நிக்கும் பாருங்க" என்றார். கடைசி ஏற்றத்தில் அவள் இரண்டாம் கியரிலேயே ஏறினாள். அந்த ஏற்றத்தில் யாரும் இரண்டாம் கியரில் போனதில்லை. அவளும் அதற்கு முன்னால் போனதில்லை. மதலைமுத்து பேச்சை நிறுத்தியிருந்தார்.

மேலே மாதம்மாள் வீட்டருகில் நிறுத்தினாள். சத்தம் கேட்டு ஊரே முன்கூட்டி வந்து நின்றது. மாதம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ராஜமேரி சாவியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

"போகலாமா மேரி?" என்றார் ஃபாதர்.

"உபதேசியார் ஒண்ணு சொல்லணுமுங்க. சொன்னதும் போகலாம்."

"என்ன சொல்லணும்?" என்றார் மதலைமுத்து.

"வண்டியை ராஜமேரி கெடுக்கல."

"அதான் ஓடுதே. ஓடலைன்னு நான் சொன்னேனா?"

"நான் கேட்டது அது இல்லீங்க."

"நான் நடந்தே இறங்கிக்குவேன்."

"இறங்குங்க. இப்படி நேரா போனீங்கன்னா பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம். வழியில மாதம்மா பிள்ளை பெத்த பாறை இருக்குது, அதுல கொஞ்ச நேரம் உட்காந்துட்டுப் போங்க."

மலைக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ களி கிண்டிக் கொண்டுவந்து ஃபாதருக்குக் கொடுத்தார்கள். ஃபாதர் சாப்பிட்டார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராஜமேரி எழுந்திருப்பாளோ என்னவோ, அவர் சொல்லவில்லை. வெயில் ஏறியது. மதலைமுத்து வண்டியைச் சுற்றி நடந்தார், கதவைத் திறந்தார், மூடினார்.

"மதலைமுத்து," என்றார் ஃபாதர் கடைசியில், கையை நக்கிக்கொண்டே, "சாயங்காலம் எனக்கு ஜெபமாலை இருக்குது. சொல்லிடுங்க."

"கெடுக்கல," என்றார் அவர், பாறையைப் பார்த்து.

"யாரு கெடுக்கல?"

"வண்டியை ராஜமேரி கெடுக்கல!"

"இது மேல்பாறைக்கு. அடுத்த ஞாயிறு கோயில் வாசலுக்கு."

சாவியை எடுத்தாள். கிளம்புவதற்கு முன் ஸ்டிக்கரை டேஷ்போர்டின் வெறும் இடத்தில், சாமான் வைக்கும் பெட்டிக் கதவின் மேல் ஒட்டினாள். மாதாவின் சேலையில் சூடு பட்ட இடம் வட்டமாகப் பழுத்திருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் சொன்னார், விழுங்கி விழுங்கி. கேட்கவில்லை என்று ராஜமேரி கூட்டத்தின் கடைசியிலிருந்து குரல் கொடுத்தாள். இன்னொரு தரம் சொன்னார். சவுரியப்பன் சேலத்திலேயே இருந்துகொண்டான். அந்த வண்டியை உதிரும் வரை ராஜமேரிதான் ஓட்டினாள். அது வருவது மலையில் இரண்டு வளைவுக்கு முன்பே கேட்கும், நோயாளியை வாசலுக்குக் கொண்டுவந்து தயாராக வைத்திருப்பார்கள்.

இந்த மாசியில் அவளை அடக்கம் செய்தார்கள். மதலைமுத்துவுக்கு இப்போது நடக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். மண் போடும் முறை வந்தபோது, குழியின் ஓரத்தில் நின்று, பிடித்திருந்தவர்களின் கையை உதறினார்.

"வண்டியை ராஜமேரி கெடுக்கல," என்றார்.

சொல்லச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. சத்தமாகத்தான் சொன்னார்.